லோகுவின் நம்பரில் ஓடும் மோட்டார்

ஆனைமலை,
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை புவனா எழுதுவது.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் நீ வந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது, உன் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் திரையின் மூலையில் காய்ந்துபோயிருந்த சந்தனப் பொட்டு. ஆயுத பூஜைக்கு வைத்ததை நீ இன்னும் துடைக்கவில்லை. போனை வைத்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். அதிலிருந்து அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை, பால் எடுக்க வந்தவர், தேங்காய் விலை பேச வந்தவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் “அத்தாம்பெரிய ஆபீசுங்க, சுத்தியும் வெள்ளைக்காரங்க, அதுக்குள்ள எம்பட புள்ள பொட்டு வெச்சிருக்கா பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்பா மட்டும், பொட்டு வெச்சா சாட்டிலைட்டு தடம் மாறாம சுத்துமாக்கும் என்று கேட்டார். உங்க டிராக்டருக்குப் பட்டை அடிச்சு எலுமிச்சம்பழம் ஏத்துனீங்களே, போன வாரம் கூட வரப்பு மேல ஏறுச்சே, அது எந்தத் தடமுங்க என்று அம்மா திருப்பிக் கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

நீ ஒருமுறை சொன்னாய், நீ புரோகிராம் எழுதிக் கொடுத்த உங்கள் ஆபீஸ் சாட்டிலைட் தலைக்கு மேல் வந்ததும் முதலில் தன் பேட்டரி நன்றாக இருக்கிறது, உடம்புச் சூடு அளவாக இருக்கிறது என்று தன் சுகத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றப் பேச்சுக்கு வரும் என்று. அதைக் கேட்ட நாளில் இருந்து அம்மாவுக்கு அதன் மேல் தனி மரியாதை, ஒழுங்கா வளத்தியிருக்காங்க என்றார். ஆகவே நாங்களும் அந்த வரிசையிலேயே சொல்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி மழை நாளில் மட்டும் எட்டிப் பார்க்கிறது, மற்றபடி சுகம். அப்பாவின் சர்க்கரை அளவில் நிற்கிறது, டீக்கடைக்குப் போகும் நாளில் மட்டும் நாங்கள் கேட்பதும் இல்லை, அவர் சொல்வதும் இல்லை. நான் சுகம். செவலைப் பசு சினையாக இருக்கிறது. மழை நன்றாகப் பெய்து கிணற்றில் தண்ணீர் மேல்படி வரை நிற்கிறது. உன் பேட்டரி எப்படி, சூடு எப்படி, குளிருக்குள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, ஒன்றும் மறைக்காமல் எழுது என்று அம்மா கேட்கச் சொல்கிறார்.

போன் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். மாமா மகன் கிருபாசங்கர் வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்குப் படிக்கப் புறப்படுகிறான், வியாழக்கிழமை பொழுதோடு வந்து உன் பார்சலை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். கொள்ளுப் பொடி, எள்ளுருண்டை, நம் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய், அம்மா சுட்ட வெல்லக் கச்சாயம் எல்லாம் கட்டியாகிவிட்டது. அதோடு இந்தக் கடிதமும் வரும். வீடியோ காலில் நீ ஒரு கண்ணை எங்கள் மேலும் இன்னொரு கண்ணை வேறு திரையிலும் வைத்துப் பேசுகிறாய், காகிதமாக இருந்தால் கடைசி வரி வரை படித்துத்தானே ஆகவேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. எனக்கும் இதுதான் வசதி. போனில் உன் முகம் வந்தால், சாப்பிட்டியா அக்கா என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வராது என்று உனக்கே தெரியும்.

நீ அனுப்பினாயே, வானத்தில் இருந்து எடுத்த நம் தோட்டத்துப் படம், அதை அப்பா ஆனைமலை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்செடுத்து லேமினேஷன் போட்டு மாசாணியம்மன் காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். தென்னை ஒவ்வொன்றும் பச்சைப் புள்ளியாக வரிசை பிசகாமல் தெரிகிறது, நட்டுவிட்டவர்களுக்கே அவ்வளவு நேராக நட்டோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா முதலில் தேடியது மாட்டுக்கொட்டகையை. தகரம் பளிச்சென்று தெரிந்ததும், மேல போயி பாத்தாலும் எம்பட கொட்டாய்தான் மின்னுது என்றார். பக்கத்துத் தோட்டத்து வரதராஜுலு நாயுடு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், பிறகு “ஏனுங்க, எம்பட தென்னை நெழலு உங்க மஞ்சக்காட்டுல உழுகுதுன்னு சண்டைக்கு வந்தீங்களே, இப்ப சாட்டிலைட்டே சொல்லுதுங்க, நெழலு எம்பட பக்கம்” என்றார். படம் எடுத்தது காலையிலங்க, சாயங்காலம் ஒரு படம் எடுக்கச் சொல்லி எம்பட புள்ளகிட்டச் சொல்றேன், அப்பப் பேசலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் சொன்னது நிஜமாகவே உன்னிடம் கேட்கச் சொல்லித்தான், முடிந்தால் சாயங்காலப் படம் ஒன்று அனுப்பு.

அம்மா இப்போது எல்லாவற்றையும் செல்போனிடம் கேட்கிறார். நாம் பேசினால் பதில் பேசும் அந்த ஆப்பை நான்தான் போட்டுக் கொடுத்தேன். பசு தீனி எடுக்காமல் நின்றபோது அதனிடம் கேட்டார், அது முதலில் பசுவுக்கு எத்தனை வயது, சினையா, சாணி எப்படி இருக்கிறது என்று திருப்பிக் கேட்டது. விவரம் கேட்டுப்போட்டு வைத்தியம் சொல்றவங்கதான் நல்ல டாக்டரு என்று அம்மாவுக்குப் பிடித்துப்போனது. அது என்னவோ சொல்லி, கடைசியில் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள் என்று முடித்தது. செரிங்க, நன்றிங்க, உங்களுக்கும் வேலை கெடக்கும் வெச்சிருங்க என்றார் அம்மா. ராக்கெட் விடுவதைப் பார்ப்பதையும் இப்போது அம்மா விடுவதில்லை, ஸ்ரீஹரிகோட்டாவில் விட்டால் வேலையைப் போட்டுவிட்டு என் போனில் பார்க்கிறோம். எமகண்டம் ராகுகாலம் பாத்துத்தான் விடறாங்களா, கேட்டு எழுது என்கிறார். எனக்கு அதில் ராக்கெட்டைவிடப் பிடித்தது ஒரு குரல். அத்தனை நெருப்பும் புகையும் சத்தமுமாக அது மேலே போகும்போது, முகமே தெரியாத ஒருவர், எல்லாம் இயல்பாக இருக்கிறது என்று இடைவிடாமல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருப்பாரே, அந்தக் குரல். பார்க்கிறவர்களுக்கு அதைக் கேட்டுத்தான் மூச்சு திரும்பும்.

இனி உன் பழைய நம்பர் சேதிக்கு வருகிறேன், அம்மா இந்தக் கடிதத்தை எழுதச் சொன்னதே அதற்காகத்தான். ஜெர்மனிக்குப் போகும்போது நீ உன் சிம் கார்டை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாய். நீ போன கையோடு அப்பா கிணற்று மோட்டாருக்குச் செல்போன் ஸ்டார்ட்டர் வாங்கினார். கரண்ட் எப்போது வருமோ என்று கிணற்றடியில் காத்துக்கிடக்க வேண்டாம், எங்கே இருந்தாலும் போன் செய்தால் மோட்டார் ஓடும், மறுபடி செய்தால் நிற்கும், என்ன நிலைமை என்று ஒரு பெண் குரல் போனில் சொல்லும், அந்தப் பெட்டி. அதற்கு ஒரு சிம் வேண்டும் என்றதும், ராசியான நம்பரு, எதுக்கு வீணாக்கோணும் என்று உன் சிம்மைப் போட்டுவிட்டார். எந்தெந்த நம்பருக்கு ஓடலாம் என்று பதிந்துவைக்கும் வசதி இருந்தும் பதியவில்லை. தண்ணி கட்ட வாரவங்க யாரு கூப்பிட்டாலும் ஓடோணும், ஆளு பாத்து ஓடறதுக்கு அதென்ன தாசில்தாரா என்றார். எங்கள் போன்களில் அந்த நம்பருக்கு இன்னும் லோகு என்றுதான் பேர், மாற்ற யாருக்கும் மனசு வரவில்லை. அதனால் நம் வீட்டில் பேச்சே இப்படித்தான், லோகுவை எழுப்பி விடுங்க, தொட்டி ரொம்பிருச்சு லோகுவை நிறுத்துங்க. தோட்ட வேலைக்கு வரும் ராசாத்தாள் அக்கா ஒருநாள் ஒறம்பரையாகச் சொந்தக்காரர்கள் வந்திருந்த நேரத்தில் உள்ளே வந்து, “லோகு இன்னிக்கு ரொம்பச் சூடாயிட்டாங்க, செத்த நேரம் ஆறப்போட்டுத்தான் ஓட்டோணும்” என்று சொல்ல, வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னொன்றும் எழுதுகிறேன், அம்மா இதை எழுதாதே என்கிறார். உன் ஞாபகம் வந்தால் சில சமயம் அந்த நம்பரை அழுத்திவிட்டு, அந்தப் பெண் மோட்டார் இயக்கப்பட்டது என்று முடிக்கும் வரை காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அப்புறம் நிறுத்துவதற்கு மறுபடி கூப்பிடுவார். அன்றைக்கெல்லாம் கொய்யாவுக்குக் கூடத் தண்ணீர் பாயும்.

போன வாரம் ஈரோட்டு மாரியாத்தாள் அத்தையிடம் உனக்கு ஒரு மாப்பிள்ளையின் ஜாதகம் வந்திருக்கிறது. தம்பி பொண்ணு ஆச்சே, அவகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம் என்று நேராக உன் பழைய நம்பருக்கே கூப்பிட்டிருக்கிறார். மோட்டார் இயக்கப்பட்டது, மும்முனை மின்சாரம் சீராக உள்ளது என்று பதில் வந்திருக்கிறது. வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டால், மோட்டார் நிறுத்தப்பட்டது. அத்தை விடுவாரா, ராக்கெட்டு கம்பெனின்னு சொல்லிப்போட்டு மோட்டாரு கம்பெனியிலயா சேந்திருக்கறா என்று சொல்லிச்சொல்லி விடாமல் கூப்பிட்டிருக்கிறார். இங்கே அப்பா வாய்க்கால் ஓரம் மம்மட்டியோடு நிற்கிறார், தண்ணீர் வருகிறது, நிற்கிறது, வருகிறது, நிற்கிறது. கிணற்றடிக்குப் போய்ப் பார்த்தால் மோட்டார் கம்மென்று இருக்கிறது, திரும்பி நாலு எட்டு வைத்தால் உறுமுகிறது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். போன நோம்பிக்குக் கருப்பராயனுக்குக் கெடா வெட்டாதது அப்போதுதான் ஞாபகம் வந்ததாம். கடைசியில் பெட்டியில் இருந்து கருகிய வாடை வந்து எல்லாம் நின்றுவிட்டது. ஒவ்வொரு தடவை ஓடும்போதும் நிற்கும்போதும் அப்பாவின் போனுக்கு அந்தப் பெட்டி ஒரு மெசேஜ் அனுப்பும், அவர் அதைப் பார்ப்பதே இல்லை. நான் திறந்து பார்த்தேன், வரி வரியாக அத்தையின் நம்பர். அம்மா கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் அத்தை சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. “ஏண்டி துளசி, நான் மாப்பிள்ளை சொல்லக் கூப்பிட்டா நீங்க எம்பட போன் காசுல தென்னைக்குத் தண்ணி பாச்சறீங்களா” என்றார். மாப்பிள்ளை சேதி என்னவென்று அம்மா தனியாக உன்னிடம் பேசுவார், அது என் வேலை இல்லை.

பெட்டியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அப்பாவும் நானும் திங்கட்கிழமை கோயமுத்தூர் போனோம். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடக்கும் தூரத்தில்தான் அதைச் செய்யும் ஷாநவாஸ் அண்ணனின் கடை. கடை என்றால் ஒரே ஒரு அறை. நீ அங்கே வந்து பார்க்கவேண்டும் அக்கா, உனக்குப் பிடிக்கும். சுவர் நெடுக இதே மாதிரிப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் மோட்டாருக்குப் பதிலாக ஒரு குண்டு பல்பு. போன் செய்தால் பல்பு எரியும், மறுபடி செய்தால் அணையும். உள்ளே வைக்கும் பச்சை சர்க்யூட் அட்டையையும் அவரே வரைகிறார், அதற்குள் ஓடும் புரோகிராமையும் அவரே எழுதுகிறார். அப்பா உன்னைப் பற்றி ஆரம்பித்ததும் அவர் கையில் இருந்த, ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலை ஸ்டாண்டில் வைத்துவிட்டார். உங்கள் சாட்டிலைட் எந்த அலைவரிசையில் பேசும் என்று கேட்டார், அப்பா என்னைப் பார்த்தார், எனக்கும் தெரியவில்லை. டெய்லர் டேப் இல்லை, கொத்தனார்கள் அளக்கும் இரும்பு டேப், அதை வெட்டி பிளாஸ்டிக் பைப்பில் கட்டி ஒரு ஏரியல் செய்து வைத்திருக்கிறார். மொட்டை மாடியில் அதைக் கையில் பிடித்து வானத்தில் திருப்பித் திருப்பி, மேலே போகும் வானிலை சாட்டிலைட்டில் இருந்து மேகப் படம் பிடிப்பாராம். எதுக்குங்க என்று அப்பா கேட்டார். “சும்மாதாங்க. அத்தன ஒசரத்துல போறது நம்ம மாடிக்கும் ஒரு படம் குடுத்துட்டுப் போகுதுல்லங்க” என்றார். வரும்போது அப்பா அந்த ஏரியலை இன்னொரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

கருகின சுவிட்சை மாற்றி, நம் நம்பர்கள் மட்டும் பதிந்து கொடுத்தார், இனி வேறு யார் கூப்பிட்டாலும் ஓடாது. அப்போது அப்பா ஒரு குறை சொன்னார். அந்தக் குரல் பேசுவது ராசாத்தாள் அக்காவுக்கு விளங்குவதில்லை. மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை தடைப்பட்டுள்ளது என்று அது சொன்னால் செரிங்க செரிங்க என்று வைத்துவிட்டு வந்து, யாரோ டீச்சரம்மா வையறாங்க என்கிறார். ஷாநவாஸ் அண்ணன் சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரே பேசும் குரலையும் போட்டுப் பார்த்தேனுங்க, ரேடியோவில் படிக்கிற பெண்ணை வைத்தும் பார்த்தேனுங்க, எல்லாத் தோட்டத்திலும் இதே புகார்தானுங்க என்றார். அப்ப எப்படித்தான் சொல்லோணும் என்று அப்பா கேட்டதற்கு, நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று எனக்கே தெரியாமல் சொல்லிவிட்டேன். “மூணு பேஸ்ல ஒண்ணு வரலீங்க, செத்த பொறுங்க, வந்ததும் நானே சொல்றேனுங்க.” அவ்வளவுதான். ஷாநவாஸ் அண்ணன் சட்டென்று திரும்பி, இன்னொருக்கா சொல்லு பாப்பா என்றார். பல்புகளை எண்ணுகிற மாதிரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதைத்தாங்க தேடிட்டு இருந்தேன், இந்தப் பாப்பா குரலையே நாலு ஜில்லாவுக்குப் போற எல்லாப் பெட்டியிலும் போட்டுக்கறேனுங்க, அதுக்கு உண்டானதைக் குடுத்துருவேன், ஊட்டுல இருந்தே போன்ல பேசி அனுப்பினாப் போதுங்க என்று அப்பாவிடம் சொல்லி, என்னென்ன வாக்கியம் என்று ஒரு தாளும் கொடுத்தார். இந்த வாரத்துக்குள் அனுப்பவேண்டும், அடுத்த வாரம் புதுப் பெட்டிகள் வெளியே போகின்றன, இல்லையென்றால் பழைய குரலோடுதான் போகும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னதும் அம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அப்பா வேண்டாம் என்றுவிட்டார். ஊர் என்ன சொல்லும், குரலைக் கேட்டு யாராவது வம்பு பேசுவார்கள் என்பது அவர் காரணம் என்றுதான் நானும் நினைத்தேன். அது இல்லை. “கரண்ட் இல்லாத நாள்ல அந்தக் கொரலு வாங்கற பேச்சு உனக்குத் தெரியுமா. தண்ணி வரலைன்னா எல்லாரும் மொதல்ல வையறது அந்தப் புள்ளயத்தான். எம்பட புள்ளய தெனமும் நாலு ஜில்லாக்காரன் வையறதுக்கு நான் அனுப்பி வெக்கோணுமா” என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க வையற வையல்தான அது, பெட்டி கருகறதுக்கு மொத நாளுகூட அவளைப் பெத்தவங்க வரைக்கும் போனீங்களே என்றார் அம்மா. அதனாலதாஞ் சொல்றேன் என்றார் அப்பா. பிறகு அப்பா, “இத்தனை பேச்சும் நீயும் நானுந்தான் பேசறம். அவளுக்கு இஷ்டமா இல்லையான்னு அவ வாயில இருந்து ஒரு வார்த்தை வரட்டும், நான் குறுக்க நிக்கல. வராட்டி நீ அவளை முடுக்காத” என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் பால் பொங்குகிறதா என்று பார்க்கப் போய்விட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஆகையால் அம்மா எழுதச் சொல்வது என்னவென்றால், நீ அடுத்த தடவை பேசும்போது அப்பாவிடம் எடுத்துச் சொல்லவேண்டும், நீ சொன்னால் அவர் தட்டமாட்டார். புவனாவுக்கு ஆசை இருக்கிறது, வாய்தான் இல்லை என்று அம்மா சொல்கிறார். கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வாரம் முடிந்துவிடும் என்று நான் சொன்னேன், அதை அம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை, கெடக்குது நீ எழுது என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார். இதற்கு மேல் நானாக எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு அதைச் செய்யவேண்டும். பதினொன்றாம் வகுப்பில் டைபாய்டு வந்து பள்ளிக்கூடம் நின்றது, காய்ச்சல் போன பிறகும் நான் ஏன் போகவில்லை என்று நீ பலதடவை கேட்டிருக்கிறாய். பேர் கூப்பிட்டால் உள்ளேன் என்று சொல்வதற்கே எனக்குக் குரல் எழும்பாது, எழுந்து நின்றால் படித்தது எல்லாம் போய்விடும், அதுதான். பெட்டிக்குள் இருந்து பேசினால் யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்லமாட்டார்கள். ஆனால் அது மட்டும் இல்லை. நீ எழுதியது வானத்தில் சுற்றுகிறது, ஷாநவாஸ் அண்ணன் எழுதியது கிணற்றடியில் ஓடுகிறது, இரண்டையும் நினைத்தால் எனக்கு ஒரே மாதிரி ஆச்சரியமாக இருக்கிறது. எங்கோ பல்லடத்திலோ தாராபுரத்திலோ ஒருவர் பயிர் வாடுகிறதே என்ற கவலையோடு போன் செய்வார், அவருக்கு என்ன நடக்கிறது என்று விளங்குகிற மாதிரி ஒருத்தி சொல்லவேண்டும். அந்தத் தாளில் இருக்கும் வாக்கியங்களை எல்லாம் நம் பேச்சுக்கு மாற்றிவிட்டேன். கிணற்றில் நீர்மட்டம் குறைந்துள்ளது என்பதற்கு, கெணத்துல தண்ணி அடிக்குப் போயிருச்சுங்க, நிறுத்தி வெச்சிருக்கறேனுங்க. கொட்டகையில் யாரும் இல்லாதபோது சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன், செவலை மட்டும் காதை ஆட்டிக் கேட்கிறது. வைவார்கள் என்று அப்பா சொல்வது உண்மைதான். ஆனால் அவர்கள் வைவது கரண்டை, என்னை இல்லை. அப்பாவும் அந்தப் பெண்ணை வைதுவிட்டு, அவள் கரண்ட் வந்துவிட்டது என்று சொன்னதும், நல்லா இரு தாயி என்றுதானே வைக்கிறார். இதை அவரிடம் சொல்ல நான் இரண்டு தடவை வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

இன்று புதன்கிழமை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து முடிக்கச் சொல்கிறார். ராப்பகலாகத் திரையையே பார்க்காதே, கண்ணுக்கு வெள்ளரிக்காய் கிடைத்தால் வை, கிடைக்காவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு தூங்கு, அது அதைவிட நல்லது. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, குளிர் என்று சாக்குச் சொல்லாதே. உன் ஆபீசில் எல்லோரும் சேர்ந்து விண்வெளிக்காரர்கள் மாதிரி வேஷம் கட்டி நோம்பி கொண்டாடிய போட்டோவைப் பார்த்தோம், அட்டைப் பெட்டியைத் தலையில் போட்டிருப்பது நீதான் என்று அம்மா கையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார், நன்றாக இருந்தது, அடுத்த தடவை மூச்சு விட ஓட்டை பெரிதாக வை. கச்சாயத்தைத் தனியாகத் தின்னாமல் அவர்களுக்கும் கொடு. உன் சாட்டிலைட்டுக்கும் மேலே மாசாணியம்மன் இருக்கிறாள், அவள் பார்வை அதன் மேலும் உன் மேலும் இருக்கட்டும், எடுத்த வேலை கைகூடி, நோய்நொடி அண்டாமல், நாலு பேருக்கு நல்லது செய்து நூறு வயசு இரு சாமி. மறக்காமல் ஒன்று, பழைய நம்பரை இனி யாருக்கும் கொடுக்காதே, வேண்டியவர்களுக்குப் புது நம்பரை நீயே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் நலமே நினைக்கும் அம்மா,
ல. துளசிமணி
(கையெழுத்து அம்மா போட்டது, மற்றது எல்லாம் என் எழுத்து. புவனா.)

அக்கா, கையெழுத்துக்குக் கீழே இடம் இருப்பதால் இதையும் எழுதுகிறேன். நம் வீட்டில் இருந்து போகும் கடிதத்தை மடிப்பதற்கு முன் எல்லோருக்கும் வாசித்துக் காட்டவேண்டும் என்பது உனக்குத் தெரியும், நீ ஹாஸ்டலில் இருந்த காலத்து வழக்கம். அம்மா இல்லாதபோது எழுதின அந்தப் பக்கத்தை மட்டும் வேறு தாளில் சுருக்கி எழுதி மாற்றிவிடலாம் என்று நினைத்தேன், தாளும் இருந்தது, நேரமும் இருந்தது. மாற்றவில்லை. அப்பா தோட்டத்தில் இருந்து வந்து உட்கார்ந்ததும் பொட்டில் ஆரம்பித்து வாசித்தேன். அத்தையின் மோட்டார் கதை வந்தபோது சிரித்தார்கள். எனக்கு அதைச் செய்யவேண்டும் என்ற இடம் வந்ததும் குரல் நின்றுவிட்டது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார், அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். நான் அந்த வரியை மறுபடி முதலில் இருந்து வாசித்தேன், நிறுத்தாமல் கையெழுத்து வரைக்கும் வாசித்துவிட்டேன். அப்பா, “நல்லா இரு தாயின்னு நான் சொல்றதெல்லாம் இவ எங்க நின்னு கேக்கறா” என்று அம்மாவிடம் கேட்டார். எழுந்து ஃபேனை அணைத்தார். கோழி கத்தறதையும் சேத்துப் புடிச்சு நாலு ஜில்லாவுக்கும் அனுப்பிப்போடாத கண்ணு, இரு அதுகளை அந்தப்பக்கம் முடுக்கி உட்டுப்போட்டு வாரேன் என்று வெளியே போனார். அம்மா கதவைச் சாத்தினார். நான் போனை எடுத்து, தாளைச் சுவரில் சாய்த்து வைத்து, பதிவுப் பொத்தானை அழுத்தி, “மோட்டாரு ஓட ஆரம்பிச்சிருச்சுங்க” என்று சொன்னேன்.